விரல் பதியும்வரை விழித்திருக்கும் திரை

கேரளத்தில் க்ஷேம பென்ஷனுக்கான மஸ்டரிங், அதாவது விரல்ரேகை வைத்து ஆளை உறுதிசெய்யும் பதிவு, நடக்கும் காலத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து அக்‌ஷயா இ-சேவை மையம் ஒன்றில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இதைப் பார்க்கலாம். வருடக்கணக்காக ரப்பர் பால்வெட்டி ரேகை தேய்ந்த பெருவிரல் கண்ணாடியில் பதிய மறுக்கும். "மாமா, துடைச்சிட்டு ஒருக்கா கூட வையுங்க" என்பார் கணினியில் இருப்பவர். திரையில் ஒரு சின்னச் சாளரம் அப்படியே நிற்கும். ரேகை பதிந்ததும் அடுத்த பக்கம் திறக்கும்.

இடைப்பட்ட நேரத்தில் இப்படிப்பட்ட நிரல் என்ன செய்ய வேண்டும்?

சாளரங்களோடு இயங்கும் நிரலின் அடியில் ஒரு நிகழ்வுச் சுழல் ஓடுகிறது. மவுஸ் சொடுக்கு, விசை, திரையை மறுபடி வரைதல் என எல்லாம் வரிசையில் வந்து சேர, சுழல் ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும். விரலுக்காக நிரலை 30 நொடி தூங்கச் சொன்னால் சுழலும் கூடவே தூங்கிவிடும். 'ரத்து' பொத்தானை அமுக்கினாலும் கேட்க ஆளில்லை. 5 நொடி கடந்தும் வரிசை நகராவிட்டால், விண்டோஸ் அந்தச் சாளரத்தைப் 'பதிலளிக்கவில்லை' என்று கணக்கில் வைக்கும். "வந்ததா, வந்ததா?" என்று ஓயாமல் கேட்கும் நிரலோ, சுழலையும் மறித்து, பிராசஸரையும் வீணாக உழைக்க வைக்கும்.

தூங்காமலும் ஓயாமல் கேட்காமலும் காத்திருக்க வழி உண்டு. ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே என்ற சாளரக் கருவித்தொகுப்பை பைத்தானில் டிகின்டர் என்ற பெயரில் பயன்படுத்துகிறார்கள். அதில் 'வெயிட் வேரியபிள்' என்றொரு கட்டளை உண்டு. நிரல் அந்த வரியிலேயே நிற்கும். ஆனால் நிகழ்வுச் சுழல் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட மாறியில் மதிப்பு எழுதப்பட்டதும் அடுத்த வரிக்கு நகரும். மேட்லாபில் இதுபோன்ற வேலையை 'யுஐவெயிட்' செய்கிறது.

இதில் இரண்டு இடறல்கள் உண்டு. 'ரேகை எடு' பொத்தானை இருமுறை அமுக்கினால் காத்திருப்புக்குள் இன்னொரு காத்திருப்பு பிறக்கும். உள்ளே இருப்பது முடியாமல் வெளியே இருப்பது முடியாது. எனவே முதல் அமுக்கலிலேயே பொத்தானை முடக்க வேண்டும். இரண்டாவது, சாளரத்தை மூடிவிட்டால் மாறியில் எழுத யாரும் இல்லை. நிரல் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே மூடும் செயலும் அந்த மாறியில் 'ரத்து' என்று எழுதிவிட்டுப் போக வேண்டும்.

தேய்ந்த விரலோடு வந்தவருக்கு அந்த 'ரத்து' முக்கியம். ரேகைச் சாளரம் வழிவிட்டால்தானே அவர் கருவிழிப் பதிவுக்குப் போக முடியும்?