கட்டுப்பாடு கரைக்கு, குழாய் நகரத்துக்கு

கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 1.6 கிலோமீட்டருக்குள் யாரும் குடியிருக்க முடியாது. அதைத் தாண்டி 5 கிலோமீட்டர் வரை ஊர் இயல்பாக வளரலாம்; பெரிய குடியிருப்புத் திட்டங்களைக் கொண்டுவந்து ஜனத்தொகையைக் கூட்டக் கூடாது. 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்ட எல்லை. சற்று வடக்கே மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். போதாததற்குக் கரை நெடுகக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு. இவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் கடல்நீர்ப் பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆனால் அதே அலை ஊழியர் குடியிருப்பில் உயிர்களைக் கொண்டுபோனது. என் குறை வேறு: விதிகளெல்லாம் ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கட்டுகின்றன, ஆலையை வரவழைக்கும் செலவாளியை விட்டுவிடுகின்றன.

அதே கரையில் இருக்கும் நெம்மேலியைப் பாருங்கள். 2013-இல் அங்கே சென்னைக்காகக் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையம் வந்தது. 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. உப்பைப் பிரிக்கும் சவ்வின் வழியே கடல்நீரைத் தள்ள, கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். அதனால் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் மூன்றரை யூனிட் மின்சாரம் போகிறது. இரண்டு நிலையங்களும் முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு எட்டே முக்கால் லட்சம் யூனிட். கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலை ஒன்று முழு வீச்சில் தருவதில் ஆறில் ஒரு பங்கு. பக்கத்தில் பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையமும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு பங்கை எட்டிவிடும். எடுத்த கடல்நீரில் பாதிக்கு மேல் ஏறக்குறைய இருமடங்கு உப்போடு கடலுக்கே திரும்புகிறது. கரை அரிப்பும் மீன்பாடு குறைந்ததும் பற்றி சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள்.

2019-இல் ஏரிகள் வறண்டபோது கடல்நீர் நிலையங்கள் இல்லாவிட்டால் சென்னை என்ன ஆகியிருக்கும் என்று கேட்பார்கள். நியாயம்தான், வறட்சிக்கு அவை வேண்டும். ஆனால் நல்ல மழை பெய்யும் ஆண்டிலும் அதே வேகத்தில் அவற்றை நம்பியிருப்பது வறட்சிக்கான ஏற்பாடாகாது. வீட்டில் சொட்டுச் சொட்டாகச் சேமித்து என்ன ஆகிவிடும், பெருந்தீனிக்காரர் தொழிற்சாலைதானே என்பது இன்னொரு வாதம். அதற்குப் பதில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் இருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் அங்கே உண்டு. கழிவுநீரில் கடல்நீரைவிட உப்பு மிகக் குறைவு, ஆகவே அழுத்தமும் மின்சாரமும் குறைவு. ஆலைகளுக்கு முதலில் இந்தத் தண்ணீர்தான் என்று கட்டாயமாக்கினால் வேலைவாய்ப்பு ஒன்றும் போய்விடாது. வீடுகளுக்கும் பங்கு உண்டு. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது. தூர்ந்துபோன குழியைக் கேட்பாரில்லை. மின்சாரத்துக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்த நகரம், குடிநீருக்குப் பெரும்பாலான வீடுகளில் இன்னும் வைக்கவில்லை. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தாலும் கட்டணம் அதே. கரையோரக் குப்பத்தில் ஒரு அறை கூடுதலாகக் கட்ட வரைபடமும் அனுமதியும் கேட்கும் அரசு, அடுக்குமாடிக் குடியிருப்பிடம் ஒரு மாதத் தண்ணீர்க் கணக்காவது கேட்கலாம்.