‘அறிவேன்’ என்னும் சொல்: மோர்மன் சபையாரின் மொழி வழக்கு

நன்னூல், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறிக்கு நாம் வகுப்பறையில் காட்டும் எடுத்துக்காட்டு. தொழிற்குழுவுக்கு மட்டுமன்றிச் சமயக் குழுவுக்கும் இத்தகைய தனிமொழி உண்டு. அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் 1830ஆம் ஆண்டில் நிறுவிய, மோர்மன் சபை எனப் பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை இதற்கு நல்ல சான்றாகும்.

முதலில் குழூஉக்குறியைக் காண்போம். இச்சபையார் தம் உள்ளூர்ச் சபையை ‘வார்டு’ என்பர். இலினோய் மாநிலத்து நாவூ நகரில் அவர்கள் வாழ்ந்த காலத்து நகராட்சி வட்டப் பிரிவிலிருந்து வந்த பெயர் அது. பல வார்டுகள் சேர்ந்தது ‘ஸ்டேக்’. ஏசாயா நூல் கூறும் கூடாரத்தின் முளையே இப்பெயருக்கு மூலம். ‘எல்டர்’ என்றால் மூத்தவர் என்று பொருள். எனினும், ஊழியத்துக்குச் செல்லும் 18 வயது இளைஞரும் எல்டர் என்றே அழைக்கப்படுவார். அகராதிப் பொருள் ஒன்று, குழுவினுள் வழங்கும் பொருள் வேறொன்று.

இடக்கரடக்கலுக்கு நெருங்கிய வழக்கும் உண்டு. இறைவன் பெயரை வீணே கூறலாகாது என்னும் கட்டுப்பாட்டால், வியப்போ சலிப்போ தோன்றும்போது யூட்டா மாநிலத்தார் பலர் ‘ஓ மை ஹெக்’ என்பர். வசைச்சொல் வர வேண்டிய இடத்தில் ‘ஃபிளிப்’, ‘ஃபெட்ச்’ போன்ற தீங்கற்ற சொற்கள் வந்து நிற்கும்.

ஆங்கிலத்தில் வேண்டும்போது அவர்கள் இறைவனை ‘தௌ’, ‘தீ’ என விளிப்பர். பழைய ஆங்கிலத்தில் இவை நம் ‘நீ’, ‘உன்னை’ போன்றவை; நெருங்கியோரிடமும் இளையோரிடமும் வழங்கியவை. பேச்சு வழக்கில் மறைந்து, 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் நிலைத்துவிட்டதால், இன்று அவை பணிவின் சொற்களாக ஒலிக்கின்றன. தேவாரம் இறைவனை ‘நீ’ என்று உரிமையுடன் அழைப்பதையும், தமிழ்க் கிறித்தவர் ‘நீர்’ என்று வேண்டுவதையும் இதனோடு ஒப்பிட்டு மாணவர் ஆராயலாம்.

இவற்றினும் ஆழமானது சாட்சி கூறும் வழக்கு. பெரும்பாலும் மாதத்தின் முதல் ஞாயிறன்று, உறுப்பினர்கள் உண்ணாநோன்பிருந்து கூடுவர். அன்று விரும்பிய எவரும் மேடையேறிப் பேசலாம். ஆனால், பேச்சின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே: ‘இச்சபை உண்மையானது என அறிவேன்’ என்னும் கூற்று இடம்பெறும்; இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி ‘ஆமென்’ என முடியும். சிறு குழந்தைகளும் பெற்றோர் காதில் மெல்லச் சொல்லித்தர, அதனையே திருப்பிச் சொல்வர். பொருள் விளங்குமுன் வாய்பாடு வந்துவிடுகிறது.

இங்கு ‘நம்புகிறேன்’ என்னாமல் ‘அறிவேன்’ என்பது கருதத்தக்கது. எல்லாரும் ‘அறிவேன்’ என்னும் அவையில், ஐயமும் நம்பிக்கையும் கலந்த உள்ளம் கொண்டவர் என்ன சொல்வார்? பொய்யுரைக்க மனமின்றி அவர் வாய்மூடியிருக்கக்கூடும். சபைத் தலைவர்களுள் ஒருவரான ஜெஃப்ரி ஹாலண்ட், 2013ஆம் ஆண்டு ஆற்றிய உரையில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிக் கூறினார். தன்னால் இன்னும் ‘அறிவேன்’ எனச் சொல்ல இயலவில்லை, நம்ப மட்டுமே முடிகிறது என்று அவன் தயங்கிக் கூறினான். நம்புவதற்காக வருந்த வேண்டியதில்லை என அவர் அவனைத் தேற்றினார். ஒரு வினைச்சொல்லின் வேறுபாடு ஒரு சிறுவனின் மனச்சுமையாக இருந்துள்ளது.

பெயரும் இத்தகையதே. 2018ஆம் ஆண்டில் சபைத் தலைவர் ரசல் நெல்சன், ‘மோர்மன்’ என்பதை விடுத்துச் சபையின் முழுப்பெயரையே வழங்குமாறு வேண்டினார். புகழ்பெற்ற பாடகர் குழுவின் பெயரிலிருந்தும் அச்சொல் நீக்கப்பட்டது. ஆயினும், பிறர் நாவில் அது இன்றும் வழங்குகிறது. வழக்கை ஆணையால் மட்டும் மாற்றிவிட இயலாது.

வாய்பாட்டுத் தொடர்கள் ஒரு குழுவைப் பிணைக்கின்றன. புதியவருக்கும் பேசத் துணிவு தருகின்றன. அதே தொடர்கள், மாறுபட எண்ணுபவரை ஊமையாக்கவும் வல்லவை. நம் மாணவர் மேடைப்பேச்சிலும் கட்டுரையிலும் மனப்பாடத் தொடர்களைக் கொண்டே தொடங்குகின்றனர். தொடக்கத்துக்கு அது தவறன்று. அத்தொடருக்கு அப்பால் தம் கருத்தைத் தம் சொல்லால் உரைக்க அவர்களுக்கு இடமளிப்பதே ஆசிரியர் கடன்.