மதிப்பெண் இல்லாத பாடம்

தில்லி அரசுப் பள்ளிகளுக்காக 2018 ஜூலை 2 அன்று தலாய் லாமா தொடங்கிவைத்த ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தில்’ பரீட்சை இருக்கவில்லை. மழலையர் முதல் 8-ம் வகுப்பு வரை சுமார் 8 லட்சம் பேருக்கான திட்டம் அது. சில நிமிடம் கண்மூடி மூச்சைக் கவனிப்பது, பிறகு ஒரு கதை அல்லது ஒரு செயல்பாடு. கதை முடிந்ததும் ஆசிரியர் உபதேசம் செய்யக் கூடாது என்றிருந்தது. கேள்விதான் கேட்க வேண்டியிருந்தது. உனக்கு இப்படி நடந்ததுண்டா? நீ என்ன செய்தாய்? நீதிபோதனை வகுப்பில் தூங்கி வளர்ந்த தலைமுறைக்கு இது விசித்திரம்தான்.

சிக்கல் அடுத்த மணி அடித்ததும் ஆரம்பித்தது. கதை சொன்ன அதே ஆசிரியர், கணக்குத் தவறிய பையனை ‘மக்கு’ என்றால் வகுப்பு எதை நம்பும்? 2010-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதை வதைப்பதையும் தடை செய்கிறது. பிரம்பைப் பிடுங்குவது சுலபம். வசவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் மதிய இடைவேளைக்குள் அந்த ‘மக்கு’ பையனின் பட்டப்பெயராகிவிடும்.

திட்டத்தில் ஓர் உருப்படியான ஏற்பாடு இருந்தது. மறுநாளும் அதே கதைதான். வீட்டில் யாரிடம் சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஆசிரியர் விசாரிக்க வேண்டியிருந்தது.