மருத்துவ மாணவர்களுக்கான பாட்காஸ்ட்டுகள்

பாட்காஸ்ட் என்பது இணையம் வழியாகத் தொடராக வெளியிடப்படும் ஒலி நிகழ்ச்சி ஆகும். தமிழில் இது வலையொலி என்றும் அழைக்கப்படுகிறது. ஐபாட் கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் இணைத்து உருவான இச்சொல்லை, 2004-ஆம் ஆண்டு தி கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி என்ற பிரித்தானிய இதழாளர் பயன்படுத்தினார். வானொலியைப் போல ஒலிபரப்பு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவிறக்கி வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தியும் திரும்பவும் கேட்கலாம். மருத்துவ மாணவர்களுக்கு மிகவும் பயன்படுவது இந்த நிறுத்தும் வசதிதான்.

மருத்துவக் கல்வியில் பயன்

பாடநூல் நோயின் பெயரில் தொடங்கி அதன் அறிகுறிகளைச் சொல்கிறது. நோயாளியோ அறிகுறியோடு வருகிறார். நோயின் பெயரை மருத்துவர்தான் கண்டறிய வேண்டும். இந்த எதிர்த்திசைப் பயணத்தை மாணவர்கள் வழக்கமாக வார்டில் மூத்த மருத்துவர்களைப் பார்த்துக் கற்கிறார்கள். கூட்டம் மிகுந்த வார்டில், தாம் ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்று விளக்க மூத்தவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. நல்ல மருத்துவப் பாட்காஸ்ட், அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர் வாய்விட்டுச் சிந்திப்பதைக் கேட்கும் வாய்ப்பைத் தருகிறது.

இத்தகைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை கட்டணம் இல்லாதவை. கட்டணமில்லாத் திறந்தநிலை மருத்துவக் கல்வி என்ற பொருள் தரும் 'ஃபோம்' என்ற இயக்கப் பெயர் 2012-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் உருவானது. மைக் காடோகன் என்ற அவசர மருத்துவர் இதை முன்மொழிந்தார்.

கேட்கத்தக்க சில பாட்காஸ்ட்டுகள்

கிளினிக்கல் பிராப்ளம் சால்வர்ஸ்: ரேசா மனேஷ், ரபி கெஹா ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் தொடங்கியது. ஒருவர் நோயாளியின் வரலாற்றைச் சிறிது சிறிதாகச் சொல்ல, முடிவு தெரியாத மற்றொருவர் ஒவ்வொரு கட்டத்திலும் தம் எண்ணத்தை விளக்குகிறார். நோயறியும் முறையைப் பழக ஏற்றது.

கர்ப்சைடர்ஸ், கோர் ஐ.எம்.: இரண்டும் பொது மருத்துவம் சார்ந்தவை. முன்னது துறை வல்லுநர்களுடனான உரையாடல். பின்னது ஒரு தலைப்பின் முக்கியக் கருத்துகளைக் கேள்விகளாக முன்வைத்து விளக்குகிறது.

ஈ.எம். பேசிக்: நெஞ்சுவலி, வயிற்றுவலி என்று நோயாளி சொல்லும் முதன்மைத் தொல்லையை வைத்து அவசர மருத்துவத்தைக் கற்பிக்கிறது. மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது.

எம்கிரிட்: ஸ்காட் வைன்கார்ட் 2009-இல் தொடங்கியது. தீவிர சிகிச்சை சார்ந்தது என்பதால் அடிப்படை தெரிந்த பின் கேட்பது நல்லது.

பீட்ஸ்கேசஸ்: கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் சார்ந்த குழந்தை மருத்துவப் பாட்காஸ்ட்.

பிஹைண்ட் தி நைஃப்: அறுவை மருத்துவத்துக்கானது.

ஸ்கெப்டிக்ஸ் கைடு டு எமர்ஜென்சி மெடிசின்: கனடா மருத்துவர் கென் மில்ன் நடத்துவது. ஆய்வுக் கட்டுரைகளின் குறை நிறைகளை அலசுகிறது.

பெட்சைட் ரவுண்ட்ஸ்: ஆடம் ரோட்மன் வழங்கும் மருத்துவ வரலாற்று நிகழ்ச்சி. இன்று உறுதி என்று கருதப்படுபவை எப்படி நிறுவப்பட்டன என்பதை அறிய உதவும்.

கவனிக்க வேண்டியவை

மேற்சொன்னவை அனைத்தும் வட அமெரிக்காவில் உருவானவை. அங்கு பொருந்துவது எல்லாம் இங்கு பொருந்தாது. பாம்புக்கடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் நச்சுப்பாம்புக் கடிகளில் பெரும்பாலானவை குழிவிரியன் இனப் பாம்புகளால் நேர்பவை. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் தெளிவாகத் தெரியும். இந்தியாவில் காணப்படும் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இல்லாமலும் போகலாம். இரவில் தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடும் கண் இமை தொங்கியும் வருவார். வீக்கத்தை மட்டுமே தேடும் மாணவர் இவரைத் தவறவிடக்கூடும். சிகிச்சைக்கான விஷமுறிவு மருந்தும் வேறு. இந்தியப் பன்முக விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு எதிராகத் தயாரிக்கப்படுகிறது.

நீடித்த காய்ச்சலும் அப்படியே. தமிழ்நாட்டில் காசநோய், டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல் ஆகியவை முன்னிலையில் எண்ணப்பட வேண்டியவை. அமெரிக்க நிகழ்ச்சியின் வரிசை வேறாக இருக்கும்.

மருந்துப் பெயர்களும் அளவுகளும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பாராசிட்டமால், சால்பியூட்டமால், அட்ரினலின் என்று வழங்குபவை அமெரிக்காவில் முறையே அசிட்டமினோஃபென், ஆல்பியூட்டரால், எபினெஃப்ரின் எனப்படும். பிரித்தானிய நிகழ்ச்சியில் ரத்தச் சர்க்கரை 7 என்று கேட்டால் அஞ்ச வேண்டாம்; மில்லிமோல் கணக்கில் உள்ள அந்த அளவு இந்திய ஆய்வகச் சீட்டில் 126 மில்லிகிராம் என்று வரும்.

மருந்தளவைக் காதால் கேட்டு மட்டும் நம்பக் கூடாது. மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று தவறாகக் கேட்டால் அளவு 1000 மடங்கு கூடிவிடும். நூலிலோ மருத்துவமனை நெறிமுறையிலோ சரிபார்த்த பிறகே குறிப்பேட்டில் எழுத வேண்டும். பழைய பகுதிகளில் உள்ள பரிந்துரைகள் பின்னர் மாறியிருக்கலாம் என்பதால் வெளியான தேதியையும் பார்ப்பது அவசியம்.

கேட்கும் முறை

நோயாளியின் வரலாறு சொல்லி முடிந்ததும் நிகழ்ச்சியை நிறுத்தி, தமக்குத் தோன்றும் 3 நோய்களையும் அடுத்துச் செய்ய வேண்டிய பரிசோதனையையும் எழுதிவிட்டுத் தொடர்ந்தால் கேட்பது பயிற்சியாகிறது. அந்த வாரம் வார்டில் பார்த்த நோயை ஒட்டிய பகுதியைத் தேர்ந்தெடுப்பது மனத்தில் நிற்க உதவும். உடற்கூறியல், திசுவியல், இசிஜி போன்று கண்ணால் பார்த்துக் கற்க வேண்டியவற்றுக்குப் பாட்காஸ்ட் ஏற்றதன்று.

ஆங்கிலத்தில் கேட்டதை நோயாளியின் மொழிக்குக் கொண்டுவருவதும் மாணவரின் வேலையே. 'டிஸினஸ்' பற்றிய ஒரு மணி நேர நிகழ்ச்சியின் சாரம், புறநோயாளிப் பிரிவில் "சுத்தி இருக்கிறதெல்லாம் சுத்துற மாதிரி இருக்காம்மா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?" என்ற ஒரு கேள்வியாக வர வேண்டும். முதலாவதற்கு ஆம் என்றால் உட்செவியையும் மூளையையும், இரண்டாவதற்கு ஆம் என்றால் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் முதலில் ஆராய வேண்டியிருக்கும்.