செட்டை கழற்றும் பாம்பும் அதன் உணவும்

குறிகட்டுவான் துறையில் வள்ளமேறி நயினாதீவு சென்று வந்தோர் அத்தலத்தின் வரலாற்றைக் கேட்டிருப்பர். அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து நாகமொன்று வாயிற் பூவைக் கவ்விக் கடலை நீந்தி வந்து அம்மனை வழிபட்டு வந்ததென்றும், ஒருநாட் கருடன் அதனை இடைமறிக்க, அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகனொருவன் இரண்டிற்குமிடையே நின்று பகை தீர்த்தானென்றும் கூறுவர். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரு பாறைகளைக் கடலிற் காட்டுவதுமுண்டு. அந்நாகத்தின் வாயில் இருந்தது பூ என்பதை ஈண்டு நினைவூட்ட விரும்புகின்றோம். நாகதம்பிரான் சந்நிதியிற் பாலும் முட்டையும் வைத்தல் அடியார்தம் அன்பின் அடையாளம். அதனைக் குறைகூற யாம் புகவில்லை. கூட்டில் அடைத்து வளர்க்கும் பாம்பின்முன் பாற்கிண்ணத்தை வைப்பதோ முற்றிலும் வேறு காரியம். அதுவும் அப்பாம்பு சட்டையுரிக்கும் நாட்களில், எம்மூர் வழக்கிற் சொல்வதானாற் செட்டை கழற்றும் நாட்களில், நாம் அன்பென்று எண்ணிச் செய்வனவே அதன் உயிருக்கு இடராகும்.

இவ்வுண்மையை யாம் நூலிற் படித்து அறிந்தோமல்லோம். மாணவப் பருவத்தில் விடுமுறை கழிந்து திரும்பிய தீவுப்பகுதித் தோழரொருவர், நெடுந்தீவிற் பவளக்கல் வேலியினிடையே பிடித்த சாரைக்குட்டியொன்றை மூடற்பெட்டியில் வைத்துக் கொணர்ந்தார். பழைய பலகைகளால் ஒரு கூடு செய்து, முகப்பிற் கண்ணாடி பதித்து, நால்வர் கூடி அதனை வளர்த்தோம். தவளையும் சிற்றெலியும் தின்று அது நன்றாகவே வளர்ந்தது. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் அதன் நிறம் மங்கிற்று. கண்களிரண்டும் பால் பூத்தாற் போலாயின. கொடுத்த தவளையை அது திரும்பியும் பார்க்கவில்லை. நோயென்று அஞ்சினோம். எம்முள் ஒருவர் பாலை வைத்தார்; அது தொடவில்லை. மற்றொருவர், பசி முற்றினாற் பிடித்துத் தின்னுமென்று கருதி உயிரெலியொன்றை இரவிற் கூட்டினுள் விட்டார். விடியற்காலையில் எலி சுகமாக உட்கார்ந்திருந்தது. சாரையின் முதுகோ எலும்பு தெரியுமளவிற்குக் கறிக்கப்பட்டிருந்தது. 2 நாளில் அது இறந்தது. எடுத்துப் புதைக்கும் போதுதான், அதன் உதட்டோரத்திற் பழந்தோல் விலகத் தொடங்கியிருந்ததைக் கண்டோம். பிராங்க் வால் என்னும் மருத்துவர் இலங்கைப் பாம்புகளைப் பற்றி 1921இல் வெளியிட்ட பெருநூலையும் பிறவற்றையும் யாம் தேடிப் படிக்கப் புகுந்தது அதன் பின்னரே.

நிகழ்வது யாதெனில், பாம்பின் தோலில் மேலேயுள்ள படை உயிரற்றது. உடல் வளர அது உடன்வளராது. ஆதலால் அதனடியிற் புதுப்படையொன்று முழுமையாக உருவாகின்றது. உருவானதும், இரண்டு படைகளுக்குமிடையே நொதியங்கள் கலந்த நீர்மம் ஊறி, பழையதன் பற்றைத் தளர்த்துகின்றது. நிறம் மங்குவது இதனாலேயே. பாம்பிற்கு இமையில்லை, கண்ணின்மேல் ஒளிபுகுஞ் செதிலொன்று மூடியிருக்கும். அச்செதிலும் தோலின் பகுதியாகையால், அதனடியிலும் நீர்மம் ஊறிக் கண் வெண்ணீலமாய்த் தோன்றும். சில நாட்களிற் கண் மீளத் தெளியும். தெளிந்தவுடன் எல்லாம் முடிந்ததென்று எண்ணி உணவோடு ஓடுவோர் பலர். உண்மையில் தோல் கழல்வது அதற்கும் சில நாட் பின்னரே.

இந்நாட்களிற் பெரும்பாலான பாம்புகள் உண்ணா. பார்வை மங்கியிருத்தலால் இரையைக் குறிவைத்தல் அரிது. புதுத்தோலோ இன்னும் மென்மையானது. மறைந்து கிடத்தலையே அது விரும்பும். தொட்டாற் சீறும், நிழலசைந்தாலுங் கொத்தும். சில பாம்புகள் இக்காலத்தும் உண்பதுண்டு. உண்டபின் எடுத்து அளைந்தால் விழுங்கியதைக் கக்கிவிடுதலும் உண்டு. கக்குதல் பாம்பிற்குச் சிறு துன்பமன்று. ஆகவே கண் மங்கியது கண்டாற் கூட்டில் இரையை வையாதிருத்தலே நன்று. உயிரெலியை விடுதல் ஒருபோதுந் தகாது. பட்டினியாற் செத்துவிடுமோ என்னும் அச்சமும் வேண்டா. உடற்சூட்டைக் காக்க நம்மைப்போல் உணவை எரிக்கும் பிராணியன்று அது. நன்றாகத் தின்ற பாம்பு சில வாரம் உண்ணாதிருப்பது இயல்பு. பிறந்த குட்டிகளிற் பல முதற்செட்டை கழற்றிய பின்னரே முதலிரையைத் தேடுகின்றன. அதுவரை வயிற்றிலுள்ள கருவின் எச்சமே அவற்றிற்கு உணவு.

பாலைப் பற்றி ஒருசொல். பால் பாலூட்டிகளின் குட்டிகளுக்கென அமைந்தது. பாம்பின் குடல் அதனைச் செரிக்க ஏற்றதன்று. அங்ஙனமாயிற் பாம்பாட்டியின் நாகம் ஏன் குடிக்கின்றதெனில், பல நாள் தண்ணீர் காட்டாது வைத்திருந்த உயிர் எதனைத்தான் குடியாது? நாகபஞ்சமிக்கு இந்தியாவின் சில பகுதிகளில் நடைபெறும் இக்கொடுமையைக் கண்டு கைகூப்புவோர், தாகத்தைப் பத்தியென்று எண்ணி ஏமாறுகின்றனர். அந்நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்பைப் பிடித்து வைத்து ஆட்டுதலைத் தடுத்துள்ளது.

செட்டை கழற்றும் பாம்பிற்கு வேண்டுவது நீர். தீவுப்பகுதியில் இதனை வற்புறுத்திச் சொல்லவேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நிலமும் காற்றும் எத்துணை வறண்டுவிடுமென்பதை அங்குள்ளோர் அறிவர். வறட்சியிற் பழந்தோல் ஒரே உரியாய்க் கழலாது துண்டு துண்டாகக் கிழியும். கண்செதில் கழலாது ஒட்டிக்கொள்ளும். வால்நுனியில் வளையமாய் எஞ்சிய தோல் இறுகிக் குருதியோட்டத்தைத் தடுத்து, நுனியே கருகி விழுதலும் உண்டு. உடலைச் சுருட்டிக் கிடக்கத்தக்க அகன்ற நீர்ப்பாத்திரமும், ஈரச்சாக்கு இட்ட மறைவிடமும், உராய்ந்துகொள்ளச் சொரசொரப்பான கல்லும் கூட்டில் இருத்தல் வேண்டும். ஒட்டிய தோலைக் கையாற் பிய்த்தல் கூடாது. ஈரத்தில் ஊறவிட்டாற் பெரும்பாலும் தானே கழலும்.

கடலிலோ உராயக் கல்லில்லை. மஞ்சள்வயிற்றுக் கடற்பாம்பு தன்னுடலையே முடிச்சாக முறுக்கி, அம்முடிச்சினூடே உடலை இழுத்துத் தோலைக் கழற்றுகின்றது. உடலில் ஒட்டிய பாசியும் சிப்பியினங்களும் அத்தோலோடு போகும். நிலப்பாம்பிலும் அடிக்கடி கடற்பாம்பு செட்டை கழற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடல் நடுவே வாழும் அப்பாம்பும் உப்புநீரைக் குடித்துத் தாகந் தீர்ப்பதில்லை. மழை பெய்து, கடலின் மேற்பரப்பில் நன்னீர் படியுங்காலம் வரை தாகத்தோடு காத்திருக்கின்றதென ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நல்ல தண்ணீருக்கு மாரியைப் பார்த்திருத்தல் தீவு மக்களுக்கு மாத்திரம் உரியதன்று போலும்!

செட்டை கழன்றதும் அதனை எடுத்துப் பார்த்தல் நன்று. உதட்டிலே தொடங்கி உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பிக் காலுறை போலக் கழன்றிருக்கும். செதில்களின் இடைத்தோல் விரிவதாற் பாம்பினும் நீண்டிருக்கும். கண்செதில் இரண்டும் வால்நுனியும் அதில் உளவா என்பதே முதலிற் பார்க்கவேண்டியது. உளவாயின், ஓரிரு நாள் ஓய்வின்பின் இரை கொடுக்கலாம். வழக்கத்திற் சிறியதாய், கொன்ற எலியாய், நீண்ட இடுக்கியிற் பிடித்துக் கொடுத்தல் பாதுகாப்பானது. இத்துணை நாள் மறுத்த பாம்பு அப்பொழுது ஆவலோடு பாயும், விரலைக் காத்துக்கொள்க.

இவையெல்லாம் நஞ்சற்ற பாம்பிற்கே கூறினோம். நாகத்தையும் புடையனையும் சுருட்டையையும் வீட்டில் வைத்திருக்க நினைத்தலே பிழை. சாரையைக்கூட அந்நாளில் எவரையுங் கேளாது பிடித்தடைத்தது எமது பிழை. காட்டுயிர்களைக் காக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1937 முதலே உண்டு. கண் மங்கிய பாம்பு வளவில் எதிர்ப்பட்டால், அது விலகியோடுமென்று நம்பி அணுகாதீர்கள். இரவிற் கிணற்றடிக்குச் செல்வோர் விளக்கெடுத்துச் செல்க.

அச்சாரை இறந்த மறுவிடுமுறையில் அத்தோழரோடு நெடுந்தீவு சென்றோம். அதே கல்வேலியின் இடுக்கிற் செட்டையொன்று முழுமையாகக் கிடந்தது. சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். கண்செதில் இரண்டும் கண்ணாடிபோல் அதிலேயே இருந்தன. தோழர் அதனை மீண்டும் அவ்விடுக்கிலேயே வைத்துவிட்டார்.