நெடுந்தூர சைக்கிளில் முதலில் அறுவது எது?

திண்டுக்கல்லிலிருந்து பழநி சுமார் 60 கிலோமீட்டர். இத்தகைய தூரங்களை அடிக்கடி ஓடும் சைக்கிளில் ஃபிரேம் உடைவது அரிது. பின்சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிகளே பெரும்பாலும் முதலில் அறுகின்றன. ஏன்? சக்கரம் சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப்பக்கம் வருகையில் சற்றுத் தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகுகிறது. 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் பழநி போய்ச் சேர்வதற்குள் 28,000 முறைக்கு மேல் சுழன்றுவிடும். அத்தனை முறை தளர்ந்து இறுகுவதால், கம்பி ஹப்பில் வளைந்து நுழையும் கழுத்தில் உலோகம் களைத்து விரிசல் விடுகிறது. எல்லாக் கம்பிகளும் சீராக, நல்ல இறுக்கத்தில் இருந்தால் ஆயுள் கூடும். ஆகவே கையில் பணம் குறைவென்றால், கியர்களின் எண்ணிக்கையைவிட 36 கம்பிப் பின்சக்கரத்துக்கும் நல்ல ஹப்புக்கும் செலவிடுவதே சரி. புதுச் சக்கரத்துக்குச் சில வாரம் ஓட்டியபின் ஒருமுறை கோட்டம் எடுப்பது அவசியம்.

ஃபிரேமுக்கு எஃகு போதும். எடை சற்றுக் கூடுதல்தான். ஆனால் விரிசல் விட்டால் ஊர்ப் பட்டறையிலேயே பற்றவைக்கலாம். அலுமினியமோ பற்றவைத்த இடத்தில் வலுவிழக்கும், மீண்டும் பதப்படுத்த வேண்டும்.

சாலையோரச் சீமைக் கருவேல முள்ளுக்கு, பஞ்சர் தடுப்புப் பட்டையுள்ள 32 மில்லிமீட்டர் டயர் ஏற்றது. அகலம் கூடினால் காற்றழுத்தம் குறைவாகப் போதும், அதிர்வும் குறையும்.

சமவெளிக்குச் சில கியர்களே போதும். 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைக்கு ஏறுவோருக்கு மட்டும் முன்னால் சிறிய பல்சக்கரம் தேவைப்படும்.