பழைய ஜிப்ஸிக்கு வேற என்ஜின் போடப் போறீங்களா? முதல்ல ஆர்.சி. புக்கை எடுங்க

செகண்ட் ஹேண்ட் கார் வீடியோ போட்டதிலிருந்து ஒரே மாதிரி கேள்வி நிறைய வருது. "பழைய மாருதி ஜிப்ஸி ஒண்ணு கைக்கு வந்திருக்கு. என்ஜின் புகை கக்குது. மெக்கானிக் ஸ்விஃப்ட் டீசல் என்ஜினை இறக்கிடலாம், மைலேஜும் வரும்ங்கறார். எவ்வளவு பட்ஜெட் வைக்கணும்?"

பட்ஜெட் அப்புறம். முதல்ல ஆர்.சி.யில் என்ஜின் நம்பர், சிசி, எரிபொருள்னு இருக்கும் கட்டங்களைப் பாருங்க. நீங்க செய்யப்போற மாற்றத்தால் அதில் எத்தனை கட்டம் மாறுது என்பதுதான் இந்தத் திட்டத்தின் உண்மையான விலை.

1985-ல் வந்த ஜிப்ஸி 970 சிசி. 1996-ல் வந்த ஜிப்ஸி கிங் 1,298 சிசி. ரெண்டுமே பெட்ரோல்தான், கம்பெனி இங்கே டீசல் ஜிப்ஸி விற்கவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்லுதுன்னா, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரள ஆர்.டி.ஓ. ஒருவரின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

"எங்க ஏரியாவுல எல்லாரும் ஓட்டுறாங்களே சார்?" ஓட்டுறாங்க, மறுக்கலை. ஆனா தனிநபர் காரின் பதிவு 15 வருஷம்தான். அதுக்கப்புறம் ஐந்தைந்து வருஷமா புதுப்பிக்கணும். கட்டணம் 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பணம் கூட பரவாயில்லை. மந்தைவெளியிலோ திருவான்மியூரிலோ வண்டியை நேரில் காட்டும்போது இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஒப்பிடுவார். பெட்ரோல்னு போட்ட ஆர்.சி.க்குள்ளே டீசல் என்ஜின் உட்கார்ந்திருந்தா, உங்க மூணு லட்சம் அங்கேயே நிக்கும்.

சட்டம் ஒரு வாசலைத் திறந்து வச்சிருக்கு: அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரிக்கு மாறலாம். டீசல் ஆசைக்கு அது உதவாது.

சரி, சட்டத்தை ஒரு நிமிஷம் மறந்துட்டு பணத்தை மட்டும் பார்ப்போம். ஸ்விஃப்ட் டீசல் 190 நியூட்டன் மீட்டர் டார்க் தரும், ஜிப்ஸி கிங் தருவது சுமார் 103. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இழுவையை பழைய கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில் எல்லாம் தாங்கணும். ஸ்விஃப்ட்டில் என்ஜின் குறுக்கே உட்காரும், ஜிப்ஸியில் நீளவாக்கில். அதனால ஸ்விஃப்ட் கியர்பாக்ஸ் பொருந்தாது; லேத்துல அடாப்டர் பிளேட் கடையணும், மவுண்டிங் வெல்டிங் பண்ணணும், வயரிங், இ.சி.யூ., ரேடியேட்டர், சைலன்சர் லைன் எல்லாம் புதுசா வரும். டீசல் என்ஜின் கனம் என்பதால் முன் பட்டையும் கவனிக்கணும். மெக்கானிக் முதலில் சொல்லும் தொகை பெரும்பாலும் என்ஜினுக்கும் கூலிக்கும் மட்டும்தான். மீதியெல்லாம் "அண்ணே, இன்னும் ஒரு சின்ன வேலை இருக்கு"ன்னு வாரம் ஒண்ணா வரும்.

எல்லாம் சேர்ந்து மூணு லட்சம்னு வைங்க. 14% பர்சனல் லோன், 36 மாசம்: இ.எம்.ஐ. சுமார் 10,250, வட்டி மட்டும் 69,000. வார இறுதியில் ஈ.சி.ஆர்., எப்பவாவது ஏலகிரி, ஆக வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர். பெட்ரோலில் லிட்டருக்கு 10, டீசலில் 15 கிலோமீட்டர். விலை 101, 92 ரூபாய். வருஷத்துக்கு மிச்சம் 15,900 ரூபாய்கூட இல்லை. போட்ட பணம் திரும்ப 23 வருஷத்துக்கு மேல ஆகும். "மைலேஜ் வரும்" என்பது காரணமே இல்லை. ஆசைக்காகப் பண்றீங்கன்னா ஆசைன்னே பட்ஜெட்டில் எழுதுங்க, அதுல தப்பில்லை.

இன்னொரு விஷயம், சம்பளக்காரங்களுக்கு இதில் வரிச் சலுகை எதுவும் கிடையாது. பிசினஸ் பண்றவர் வண்டிக்குத் தேய்மானம் கழிக்கலாம், நீங்க முடியாது. சொந்த உபயோகக் காரை நஷ்டத்தில் விற்றாலும் அதை எந்த லாபத்தோடும் நேர் செய்ய முடியாது.

அப்போ என்னதான் பண்றது?

என் ஓட்டு, இருக்கிற என்ஜினையே ஃபுல் ஓவர்ஹால் பண்றதுக்குத்தான். போர் அடிச்சு, ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங் மாத்தி, ஹெட் வேலையும் முடிச்சா புகை நிக்கும். ஆர்.சி.யில் ஒரு எழுத்துகூட மாறாது.

பிளாக்கே வெடிச்சிருந்தா, அதே மாடல், அதே ரக என்ஜினைத் தேடுங்க. அப்போ மாறுவது என்ஜின் நம்பர் மட்டும்தான். வேலை தொடங்கும் முன்னாடியே ஆர்.டி.ஓ.வில் எழுத்தில் அனுமதி கேளுங்க. மாத்தின 14 நாளுக்குள் தெரிவிச்சு ஆர்.சி.யில் ஏத்துங்க. வண்டி மேல லோன் இருந்தா ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதமும் எழுத்தில் வேணும்.

970-ஐ எடுத்துட்டு 1,298 போடறது பொருத்துவதற்குச் சுலபம், ஆனா சிசி கட்டம் மாறுது, திரும்ப பிரிவு 52. தேர்ட் பார்ட்டி பிரீமியமும் மாறும்: 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், அதுக்கு மேல 1,500 வரை 3,416. தொகை சின்னதுதான். ஆனா இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லாம விட்டா, விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடிப்பார், ஓன் டேமேஜ் கிளெய்ம் சிக்கும்.

புதுப்பேட்டையில் என்ஜின் வாங்கினா, என்ஜின் நம்பர் எழுதின பில்லும், அது எந்த வண்டியிலிருந்து கழட்டினதோ அதன் ஆர்.சி. நகலும் கேளுங்க. "பில் இல்லாம கம்மியா தர்றேன்"னா நடையைக் கட்டுங்க. திருட்டு வண்டியின் என்ஜின்னு தெரிஞ்சோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினா பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317 உங்க மேல வரும். பணத்தை யு.பி.ஐ.யிலோ வங்கி வழியாவோ கொடுங்க. பழைய என்ஜினை எடைக்குப் போடறதுக்கு முன்னாடி அதன் நம்பரையும் ஒரு போட்டோ எடுத்து ஃபைலில் வைங்க, புது நம்பர் ஆர்.சி.யில் ஏறும் வரைக்கும் அந்த பிளாக்கை கைவிடாதீங்க.